மாவுச்சத்தா, கொழுப்பா, கலோரியா: எடை குறைக்கத் தொடங்குபவர் எதைக் கட்டுப்படுத்துவது?

எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தவருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். மாவுச்சத்தைக் குறையுங்கள் என்பது ஒன்று. கொழுப்பைக் குறையுங்கள் என்பது இன்னொன்று. எதை உண்டாலும் சரி, கலோரிக் கணக்கு வரம்புக்குள் இருக்கட்டும் என்பது மூன்றாவது. ஒவ்வொரு முறையிலும் எடை குறைந்தவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் பயன் கண்ட முறையே சரியானது என்று அவர்கள் உறுதியாகச் சொல்வதும் இயல்புதான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. என் உணவில் மிகை எங்கிருந்து வருகிறது? எந்தக் கட்டுப்பாட்டை ஓராண்டுக்கு மேலும் என்னால் கடைப்பிடிக்க முடியும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் முறையைத் தேர்ந்தெடுப்பது எளிது. அந்த விடைகளைக் கண்டறிந்து, தேர்ந்தெடுத்து, நடத்தி, சரிபார்க்கும் வரையிலான படிகளைக் கீழே வரிசையாக விளக்குகிறேன்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரை உண்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளை உண்பவர்கள் கடுமையான குறை மாவுச்சத்து முறையில் இறங்கினால், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகும் அபாயம் உண்டு. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கு எடை குறையும்போது அதே மாத்திரை மிகையாகி, தலைசுற்றல் வரலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், உணவுண்ணல் தொடர்பான மனநலச் சிக்கலிலிருந்து மீண்டவர்கள் ஆகியோர் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. குறிப்பாக, கடைசியாகச் சொன்னவர்களுக்குக் கலோரி எண்ணும் பழக்கமே பழைய சிக்கலைத் திரும்ப அழைத்துவரக்கூடும்.

மூன்று முறைகளும் உடலில் செய்வது என்ன?

ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ 4 கலோரி ஆற்றல் தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. மதுவில் உள்ள ஆல்கஹால் கிராமுக்கு 7. (அன்றாடப் பேச்சில் கலோரி என்பது கிலோ கலோரியையே குறிக்கும், இங்கும் அப்படியே.) உடல் செலவிடும் ஆற்றலைவிடக் குறைவான ஆற்றல் உணவில் கிடைக்கும்போது சேமிப்பில் உள்ள கொழுப்பு கரைகிறது. மூன்று முறைகளும் இந்தப் பற்றாக்குறையைத்தான் உருவாக்குகின்றன. கலோரிக் கணக்கு அதை நேரடியாகச் செய்கிறது. குறை கொழுப்பு முறை, எடைக்கு எடை அதிக ஆற்றல் தரும் சத்தைக் குறைப்பதன் மூலம், தட்டு நிறைய உண்டாலும் மொத்த ஆற்றல் குறையும்படி பார்த்துக்கொள்கிறது. குறை மாவுச்சத்து முறை சர்க்கரை, மைதா, இனிப்புப் பானங்கள், நொறுக்குத் தீனி போன்ற, போதும் என்று நிறுத்தக் கடினமான உணவுகளை ஒட்டுமொத்தமாக நீக்குகிறது. அவற்றின் இடத்தில் புரதம் கூடுவதால் பசி மட்டுப்படுகிறது.

நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்வதும் இதற்கு ஒத்தே இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிகை எடை கொண்ட 811 பேருக்குக் கொழுப்பு, புரதம், மாவுச்சத்து ஆகியவை வெவ்வேறு விகிதங்களில் அமைந்த நான்கு உணவுத் திட்டங்கள் வழங்கப்பட்டன. ஆறு மாதத்தில் சராசரியாக 6 கிலோ குறைந்தது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் சுமார் 4 கிலோ குறைவு நிலைத்திருந்தது. எந்த விகிதம் என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் தலைமையில் 609 பேரிடம் ஓராண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வு இன்னும் கவனிக்கத் தக்கது. அதில் ஒரு குழு கொழுப்பைக் குறைத்தது, மற்றது மாவுச்சத்தைக் குறைத்தது. கலோரி வரம்பு எவருக்கும் விதிக்கப்படவில்லை. காய்கறிகளைக் கூட்டவும், சேர்த்த சர்க்கரையையும் தீட்டிய மாவையும் தவிர்க்கவும் இரு குழுவினருக்கும் ஒரே மாதிரி சொல்லப்பட்டது. ஆண்டு முடிவில் குறை கொழுப்புக் குழு சராசரியாக 5.3 கிலோவும் குறை மாவுச்சத்துக் குழு 6.0 கிலோவும் இழந்திருந்தன. புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல.

அந்தச் சராசரிக்குள் மறைந்திருப்பதுதான் தொடங்குபவருக்கு முக்கியம். இரு குழுக்களிலும் சிலர் 30 கிலோ வரை இழந்தார்கள். சிலர் 10 கிலோ வரை கூடினார்கள். மரபணு வகையோ, உடலின் இன்சுலின் சுரப்போ, யாருக்கு எந்த முறை பொருந்தும் என்பதை முன்கூட்டிக் காட்டவில்லை. ஆகவே, உங்கள் இரத்தத்தையோ எச்சிலையோ பரிசோதித்து, உங்களுக்கேற்ற எடைக்குறைப்பு முறையைச் சொல்கிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

படி 1: எதையும் மாற்றாமல் ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஏழு நாள்களுக்கு, வழக்கமாக உண்பதையே உண்டு, உண்டவுடன் எழுதுங்கள். இரவில் நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபட்டுவிடும். 1992இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரின் உண்மையான உணவு அளவை அறிவியல் முறையில் அளந்தபோது, அவர்கள் எழுதி வைத்தது உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவு என்று தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மீதம் வைத்ததை உண்டது, தேநீரில் கரைந்த சர்க்கரை ஆகியவை எல்லாம் உணவு என்ற நினைவிலேயே பதிவதில்லை.

ஒரு சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கிராம் காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். எண்ணெயை அளக்க ஒரு நல்ல வழி உண்டு. எண்ணெய்ப் புட்டியையே தராசில் வைத்து, அளவைப் பூச்சியமாக்கி, வேண்டிய எண்ணெயை வாணலியில் ஊற்றிவிட்டுப் புட்டியைத் திரும்பத் தராசில் வையுங்கள். கழித்தல் குறியோடு தோன்றும் எண்தான் நீங்கள் ஊற்றிய அளவு. 28 என்று வந்தால் 28 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 250 கலோரி. கண்ணளவில் "கொஞ்சம்தானே" என்று தோன்றிய அதே எண்ணெய் இது. கொட்டைப் பருப்புகளையும் இப்படி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 30 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, 170 முதல் 190 கலோரி வரை வரும்.

வார முடிவில் குறிப்பைப் படித்து மூன்று நிறங்களில் கோடிடுங்கள்: இனிப்பு, பானம், தீட்டிய தானியம், மாவுப் பண்டம் ஆகியவற்றுக்கு ஒரு நிறம், எண்ணெய், வெண்ணெய், பாலேடு, பொரித்தவை ஆகியவற்றுக்கு ஒரு நிறம், இரண்டும் கலந்த பிஸ்கட், கேக், சிப்ஸ் போன்றவற்றுக்கு ஒரு நிறம். உங்கள் மிகை எங்கே இருக்கிறது என்று அந்தத் தாளே காட்டும்.

படி 2: தேர்ந்தெடுங்கள்

முதல் நிறமே தாளை நிரப்பியிருந்தால், இனிப்பை ஒரு துண்டோடு நிறுத்த முடியாதவர் நீங்கள் என்றால், குறை மாவுச்சத்து முறையிலிருந்து தொடங்குங்கள். கொஞ்சமாக உண்பதைவிட அடியோடு விடுவது எளிது என்று உணர்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்போடு செய்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும் கூடுதல் பயனும் இதில் உண்டு.

எண்ணெயும் பொரித்த பண்டங்களும் மிகுதி என்று தெரிந்தால், வயிறு நிறைய, தட்டு நிறைய உண்ண விரும்பினால், தானியமும் பழமும் பயறும் இல்லாமல் உங்களால் இருக்க முடியாது என்றால், குறை கொழுப்பு முறை ஏற்றது. நெஞ்சில் இரத்தக் குழாய் அடைப்போ, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு இரத்தத்தில் மிகையாகவோ இருப்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இந்த முறை காலாவதியாகிவிட்டது என்று இப்போது பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் கெவின் ஹால் குழுவினர் இருபது பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் குறை கொழுப்பு உணவும் இரண்டு வாரம் கீட்டோ உணவும் (மாவுச்சத்து மிகமிகக் குறைவான உணவு) வேண்டிய மட்டும் உண்ணக் கொடுத்தார்கள்; 2021இல் வெளியான முடிவின்படி, குறை கொழுப்பு உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு 500 கலோரிக்கும் மேல் குறைவாகவே உண்டிருந்தார்கள், அதுவும் பசி கூடியதாகச் சொல்லாமல்.

எந்த உணவையும் விலக்க மனமில்லாதவர்கள், குடும்பத்தாரோடு ஒரே சமையலை உண்ண வேண்டியவர்கள், எண்களில் ஈடுபாடு உள்ளவர்கள் ஆகியோர் கலோரிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நிறுப்பதும் எழுதுவதும் சலிப்பூட்டும் வேலை என்று முதல் வாரத்திலேயே உணர்ந்திருந்தால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

படி 3: தேர்ந்த முறையைச் சரியாக நடத்துங்கள்

*குறை மாவுச்சத்து.* நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தாலே இந்தப் பெயர் பொருந்தும். கீட்டோ என்பது 50 கிராமுக்கும் கீழே செல்வது. தொடங்குபவர் 100 முதல் 130 கிராம் வரை வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. ஒரு ரொட்டித் துண்டில் 12 முதல் 15. நடுத்தர ஆப்பிளில் சுமார் 25. இதை வைத்து உங்கள் நாளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நீக்கிய மாவுச்சத்தின் இடத்தில் முட்டை, மீன், கோழி, தயிர், பனீர், பயறு, நிறையக் கீரை, காய்கறி வர வேண்டும். வெண்ணெயும் இறைச்சிக் கொழுப்புமே அந்த இடத்தை நிரப்பினால் எல்டிஎல் ஏறக்கூடும். சிலருக்கு மிக அதிகமாகவே ஏறுகிறது. தொடங்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை இரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோகூடக் குறையலாம். அதில் பெரும்பகுதி நீர். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து, கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு தீரும்போது நீரும் வெளியேறுகிறது. அந்த வேகம் தொடரும் என்று எதிர்பார்த்தால் மூன்றாம் வாரத்தில் மனம் உடையும். ஒரு விருந்துக்குப் பின் ஒன்றரைக் கிலோ கூடினாலும் அதே காரணம்தான். ஒரே இரவில் அவ்வளவு கொழுப்பு சேர்வதில்லை. தொடக்க நாள்களில் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் வருவதுண்டு. நீரும் நார்ச்சத்துள்ள காய்களும் கூட வேண்டும்.

*குறை கொழுப்பு.* மொத்தக் கலோரியில் 25 முதல் 30 விழுக்காடு கொழுப்பிலிருந்து வரலாம். நாளுக்கு 1,800 கலோரி உண்பவருக்கு அது 50 முதல் 60 கிராம். இந்த எல்லைக்குள் முதலில் குறைக்க வேண்டியது பொரித்தவை, வெண்ணெய், கொழுப்புமிக்க இறைச்சி ஆகியவை. கொட்டைகளையும் மீனையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்கக் கொழுப்பு தேவை. மேலும், கொழுப்பை மிகக் கடுமையாகக் குறைத்து எடையையும் வேகமாக இழந்தால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. "கொழுப்பு குறைக்கப்பட்டது" என்ற முத்திரையோடு வரும் பொட்டலங்களில் சுவைக்காகச் சர்க்கரை கூட்டப்பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இந்த முறையில் தோற்றவர்கள் பலர், கொழுப்பு இல்லாத இனிப்பையும் வெள்ளை மாவையும் தாராளமாக உண்டவர்களே.

*கலோரிக் கணக்கு.* முதலில் உங்கள் தேவையை மதிப்பிட வேண்டும். 1990இல் வெளியான மிஃப்லின் சமன்பாடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணென்றால் 5 கூட்டுங்கள், பெண்ணென்றால் 161 கழியுங்கள். 75 கிலோ எடையும் 160 செ.மீ. உயரமும் கொண்ட 40 வயதுப் பெண்ணுக்கு 750 + 1000 − 200 − 161 = 1,389. ஓய்வில் இருக்கும்போது உடல் நாளுக்குச் செலவிடும் கலோரி இது. உட்கார்ந்து வேலை செய்து கொஞ்சம் நடப்பவர் என்றால் இதை 1.375ஆல் பெருக்க, சுமார் 1,910 வருகிறது. அதிலிருந்து 500 கழித்தால் நாளுக்கு ஏறத்தாழ 1,400. பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே மருத்துவக் கண்காணிப்பின்றி இறங்க வேண்டாம்.

கணக்கில் மிகுதியாக நேரும் பிழை, சமைக்காத எடையையும் சமைத்த எடையையும் குழப்பிக்கொள்வது. அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. சோறாக வெந்தபின் 100 கிராமில் சுமார் 130 தான், ஏனெனில் எஞ்சியது நீர். தட்டில் நிறுத்த சோற்றுக்கு அரிசிக்குரிய கலோரியை எழுதினால் பட்டினி கிடப்பீர்கள். அரிசியாக நிறுத்ததற்குச் சோற்றின் கலோரியை எழுதினால் எடை ஏறும்.

எந்த முறையானாலும் புரதத்தை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் அளவுக்காவது கொண்டுவர முயலுங்கள். வாரம் இருமுறையாவது தசைக்குப் பளு தரும் பயிற்சி செய்யுங்கள். இரண்டும் இல்லாமல் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் கணிசமாகக் கரையும்.

படி 4: எடையை வாரச் சராசரியால் பாருங்கள்

காலையில் கழிவறை சென்று வந்தபின், உண்பதற்கு முன், தினமும் எடை பாருங்கள். ஆனால் ஒரு நாள் எண்ணைக் கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒருவரின் மூன்றாம் வாரம் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 82.4, 82.9, 82.1, 82.6, 83.0, 82.3, 82.0. நான்காம் வாரம்: 82.2, 82.7, 81.6, 82.5, 81.9, 81.4, 81.7. மூன்றாம் வாரக் கடைசி நாளையும் நான்காம் வார இரண்டாம் நாளையும் ஒப்பிட்டால் 700 கிராம் கூடியதாகத் தோன்றும்; பலர் அந்த நாளில்தான் முயற்சியைக் கைவிடுகிறார்கள். சராசரியைப் பார்த்தால் 82.5 சுமார் 82.0 ஆகியிருக்கிறது, அதாவது ஒரே வாரத்தில் அரைக் கிலோ குறைவு. இது மிக நல்ல வேகம். உப்பு, மலம், மாதவிடாய்ச் சுழற்சி, தூக்கம் எல்லாம் நீரின் அளவை மாற்றுவதால் அன்றாட எண் இப்படித்தான் ஆடும். பெண்கள் சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் சரியாக இருக்கும்.

தேர்ந்த முறைக்குப் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். அதற்குள் தொடக்க எடையில் 3 முதல் 5 விழுக்காடு குறைந்திருந்தால் தொடருங்கள். 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்த குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது.

பன்னிரண்டு வாரம் முறையாகச் செய்தும் குறையவில்லை என்றாலோ, குறைந்தாலும் உணவைப் பற்றியே நாளெல்லாம் நினைக்கும் நிலை ஏற்பட்டாலோ, முறையை மாற்றுங்கள். ஒரு முறை உங்களுக்குப் பொருந்தாமல் போவதில் உங்கள் மன உறுதிக்கு எந்த இழுக்கும் இல்லை.

படி 5: எடை அசையாமல் நின்றால்

வாரச் சராசரி நான்கு வாரங்களாக அசையவில்லை என்றால்தான் அதைத் தேக்கம் என்று கொள்ளுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கை வைத்து, நாளுக்கு 500 குறைத்தால் ஆண்டில் ஏறத்தாழ 24 கிலோ குறைய வேண்டுமே என்று சிலர் கேட்பதுண்டு. உடல் சிறுக்கச் சிறுக்க அதன் ஆற்றல் தேவையும் குறைகிறது, பசியும் கூடுகிறது. எனவே அந்தக் கணக்கு நீண்ட காலத்துக்குப் பொருந்தாது. முதலில், படி 1இல் செய்தது போல ஒரு வாரம் மீண்டும் நிறுத்து எழுதுங்கள்; கண்ணளவு மெல்ல மெல்லப் பெருகியிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அளவு சரிதான் என்றால் புதிய எடைக்குத் தேவையை மறுபடி கணக்கிட்டு 100 முதல் 200 கலோரி குறைக்கலாம், அல்லது நடையைக் கூட்டலாம். இந்தக் கட்டத்தில் இரண்டு முறைகளின் கடுமையான விதிகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டாம். மாவுச்சத்தும் கொழுப்பும் ஒரே நேரத்தில் அற்றுப்போனால் தட்டில் எதுவுமே எஞ்சாது.

படி 6: இலக்கை அடைந்த பிறகு

எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. உணவை ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டு போகாமல், ஒவ்வொரு வாரமும் அன்றாட அளவில் 100 கலோரி கூட்டிக்கொண்டே போய், வாரச் சராசரி நிலையாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். குறை மாவுச்சத்து முறையில் இருந்தவர் முழுத் தானியம், பழம், பயறு என்ற வரிசையில் திரும்பக் கொண்டுவரலாம்; முதல் வாரத்தில் ஒரு கிலோ வரை நீர் கூடும் என்பதை எதிர்பார்த்திருங்கள். கலோரிக் கணக்கில் இருந்தவர் தினமும் எழுதுவதை விட்டு, மாதம் ஒரு வாரம் மட்டும் எழுதலாம்.

குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஓராண்டுக்கு மேல் காத்தவர்களைப் பதிவு செய்யும் பட்டியல் ஒன்று அமெரிக்காவில் 1994 முதல் இருக்கிறது. அவர்கள் எடையைக் குறைத்த வழிகள் பலவிதம். காத்த வழிகளில் ஒற்றுமை அதிகம். பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம் அளவுக்கு உடலை இயக்குகிறார்கள், வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். எனவே தராசை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். வாரச் சராசரி இலக்கைவிட 2 கிலோ கூடினால், அன்றே படி 1க்குத் திரும்பி ஒரு வாரம் எழுதத் தொடங்குங்கள். 2 கிலோவைக் குறைக்கச் சில வாரங்கள் போதும், 10 கிலோ ஆகும்வரை காத்திருந்தால் மீண்டும் ஓராண்டு ஆகும்.